முழுதும் அறியப்பட்டிருப்பதும் பக்கத்தில் இருப்பவரை அறிவதும்: 1 கொரிந்தியர் 13:12 பற்றி ஒரு கேள்வி

சிற்றோடை எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

"இப்பொழுது நான் குறைந்த அறிவுள்ளவன், அப்பொழுது நான் அறியப்பட்டிருக்கிறபடியே அறிந்துகொள்ளுவேன்." இந்த வசனத்தை வைத்து மூன்று கேள்விகள்.

வாரம் ஒருமுறை கூடும் ஒரு சிறு ஐக்கியக் குழுவை எடுத்துக்கொள்வோம். 8 பேர், ஒன்றரை மணி நேரம். அவரவர் வேலை, பிள்ளைகளின் படிப்பு, உடல்நிலை, ஜெபக்குறிப்பு எல்லாம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷம் போன பிறகும், ஒருவர் எதற்குப் பயப்படுகிறார், எதை நினைத்துத் தூங்காமல் இருக்கிறார் என்று மற்ற 7 பேரில் ஒருவருக்கும் தெரிவதில்லை.

1. "அறியப்பட்டிருக்கிறபடியே" என்பதற்கு மூலத்தில் சரியான பொருள் என்ன?

2. தேவன் என்னை முழுதும் அறிந்திருக்கிறார் என்பதற்கும், நான் இன்னொரு மனிதரை அறிவதற்கும் உண்மையில் தொடர்பு உண்டா? இல்லை, பிரசங்கத்தில் சேர்த்துச் சொல்லிவிடுகிறோமா?

3. நடைமுறையில் என்ன செய்வது? "அன்பாயிருங்கள்" என்பது போதாது. என்ன கேட்பது, எவ்வளவு நேரம், எங்கே கெட்டுப்போகும் என்று சொல்லுங்கள்.

மூலமொழி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அந்த வசனத்தின் கிரேக்க மூலத்தில் இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. "குறைந்த அறிவு" என்ற இடத்தில் கினோஸ்கோ, அதாவது அறிவது. "அறிந்துகொள்ளுவேன்", "அறியப்பட்டிருக்கிறபடியே" என்ற இரண்டு இடங்களிலும் எபிகினோஸ்கோ, அதாவது அடையாளம் கண்டு தீர்க்கமாக அறிவது. கடைசிச் சொல் இறந்தகாலச் செயப்பாட்டுவினை. நான் அறியப்போவது இனிமேல். அறியப்பட்டது ஏற்கெனவே நடந்து முடிந்தது. வாக்கியத்தின் வரிசையே அப்படித்தான். யாரால் அறியப்பட்டேன் என்று இங்கே சொல்லவில்லை, ஆனால் அதே நிருபத்தில் 8:3 சொல்லிவிடுகிறது: "தேவனில் அன்புகூருகிறவனெவனோ, அவன் தேவனால் அறியப்பட்டிருக்கிறான்." கலாத்தியர் 4:9-ல் பவுல் "தேவனை அறிந்திருக்க" என்று எழுதி, உடனே "அல்லது தேவனாலே அறியப்பட்டிருக்க" என்று தன்னையே திருத்திக்கொள்கிறார். இந்த வரிசையை அவர் எவ்வளவு முக்கியமாக நினைத்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

அதே வசனத்தின் தொடக்கத்தில் வரும் "கண்ணாடியிலே நிழலாட்டமாய்" என்பதையும் கவனிக்க வேண்டும். அக்காலக் கண்ணாடி பெரும்பாலும் மெருகேற்றிய உலோகத் தகடு. கொரிந்து வெண்கல வேலைக்குப் பேர்போன ஊர் என்பதால், அங்கே இருந்தவர்களுக்கு இந்த உவமை உடனே புரிந்திருக்கும். "நிழலாட்டமாய்" என்று நம் வேதாகமத்தில் இருப்பது மூலத்தில் "புதிரில்" என்ற சொல். எண்ணாகமம் 12:8-ல் மோசேயோடு மறைபொருளாகப் பேசாமல் நேரடியாகப் பேசுவதாகக் கர்த்தர் சொல்கிறாரே, அதன் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இதே சொல்தான் வருகிறது. ஆகவே உருவம் மங்கலாகத் தெரிகிறது என்பது மட்டும் இதன் பொருளில்லை. தெரிந்ததற்கு என்ன அர்த்தம் என்பதும் இன்னும் விடுபடவில்லை.

பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் அறிதலுக்கான சொல் யாதா. ஆதியாகமம் 4:1-ல் ஆதாம் ஏவாளை "அறிந்தான்" என்பதும் இதுதான். ஆமோஸ் 3:2-ல் பூமியின் எல்லா வம்சங்களுக்குள்ளும் உங்களை மாத்திரம் அறிந்துகொண்டேன் என்பதும் இதுதான். மற்ற வம்சங்களைப் பற்றிய தகவல் தேவனிடம் இல்லை என்று யாரும் அதற்குப் பொருள் சொல்ல மாட்டார்கள். மத்தேயு 7:23-ம் அப்படியே. எல்லாம் தெரிந்தவர் "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்கிறார். ஒருவரோடு தன்னைச் சேர்த்துக்கொள்வதே அங்கே அறிதல்.

தமிழ் இலக்கணம் இதற்கு உதவுகிறது. "எனக்கு அவரைத் தெரியும்" என்கிறோம். "நான் அவரை அறிவேன்" என்கிறோம். முதலாவதில் "எனக்கு" என்று வருகிறது. விஷயம் தானாக என்னிடம் வந்து சேர்கிறது. இரண்டாவதில் "நான்" எழுவாய். நான் செய்கிற வேலை அது. நீங்கள் சொன்ன குழுவில் தெரிதல் இரண்டு வருஷமாக நடந்திருக்கிறது, அறிதல் தொடங்கவில்லை.

கிணற்றடி எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நீதிமொழிகள் 20:5: "மனுஷனுடைய இருதயத்திலுள்ள யோசனை ஆழமான தண்ணீர்போலிருக்கிறது, புத்திமானோ அதை மொண்டெடுப்பான்." கிணற்றுத் தண்ணீர் தானாக மேலே வராது. ஒருவர் குனிந்து கயிறு விட வேண்டும். அவசரமாக இழுத்தால் பாதி வழியிலேயே சிந்திவிடும்.

முதல் வேலை, ஊகிப்பதை நிறுத்துவது. "அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் புரியும்" என்று எல்லோரும் நம்புகிறோம். தால் எயால், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் இதை 25 பரிசோதனைகளில் சோதித்தார்கள். அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்ததால் கணிப்பின் துல்லியம் கூடவில்லை. அந்த மனிதரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டபோதுதான் கூடியது. அவர் இடத்தில் "என்னை" வைத்தால் அங்கே இருப்பது நான்தானே.

முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பவர்கள் "கடுத்தது காட்டும் முகம்" என்ற குறளைக் (706) காட்டுவார்கள். சரிதான். நெஞ்சில் ஒன்று மிகுந்துவிட்டது என்று முகம் காட்டும்; ஏன் மிகுந்தது என்று காட்டாது. அதற்குக் கேட்டே ஆக வேண்டும்.

வேதத்தில் தேவன் செய்வதைப் பாருங்கள். தெரிந்துகொள்ளத் தேவையே இல்லாதவர் கேட்கிறார். ஆதாமிடம் "நீ எங்கே இருக்கிறாய்" (ஆதி. 3:9). பர்திமேயு குருடன் என்பது கூட்டத்துக்கே தெரியும், ஆனாலும் அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவனையே கேட்கிறார் (மாற்கு 10:51). ஆகாரைப் பாருங்கள். ஆதியாகமம் 16-ல் சாராயும் ஆபிராமும் பேசும்போது ஒருமுறைகூட அவள் பெயரைச் சொல்வதில்லை. அடிமைப்பெண் என்றே சொல்கிறார்கள். கர்த்தருடைய தூதனானவர்தான் "ஆகாரே" என்று கூப்பிட்டு, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார். அவள் அவருக்கு வைத்த பெயர் "நீர் என்னைக் காண்கிற தேவன்". எல்லாம் அறிந்தவரே கேட்கும்போது, ஒன்றும் அறியாத நாம் கேட்காமலே முடிவு கட்டுகிறோம்.

இனி நடைமுறை.

நேரக் கணக்கை முதலில் போடுங்கள். 90 நிமிடத்தில் பாட்டுக்கும் வேதபாடத்துக்கும் 50 போனால் மிச்சம் 40. 8 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 நிமிடம். 5 நிமிடத்தில் யாரும் மனதைத் திறக்க மாட்டார்கள். உடல்நிலையும் பரீட்சையும்தான் வரும். அதே 40 நிமிடத்தை 3, 3, 2 என்று பிரிந்து உட்கார்ந்து செலவிட்டால் ஆளுக்கு ஏறக்குறைய 13 நிமிடம், இருவர் உள்ள குழுவில் 20. குறைந்தது ஆறு வாரத்துக்கு அதே மூவர் சேர்ந்து இருக்கட்டும். வாரம் ஒருமுறை ஆளை மாற்றினால் ஒவ்வொரு வாரமும் முதல் வாரமாகவே இருக்கும்.

கேள்வியை ஒன்றொன்றாகக் கேளுங்கள். "நல்லா இருக்கீங்களா" என்பதற்கு ஒரே பதில்தான் உண்டு. "இந்த வாரம் எதை யோசிச்சு அதிக நேரம் போச்சு?" என்று தொடங்கலாம். பதில் வந்ததும் "அதுல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கிறது எது?" என்று கேளுங்கள். "ஏன்" என்பதைத் தவிருங்கள். "ஏன் அப்படிச் செஞ்சீங்க" என்றாலே விசாரணை மாதிரி ஆகி, ஆள் நியாயம் சொல்லத் தொடங்கிவிடுவார்.

அவர் நிறுத்தியதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதல் வாக்கியம் பழகிப்போன பதில். விஷயம் பெரும்பாலும் அடுத்த வாக்கியத்தில் இருக்கும். நாம் இடையில் பேசிவிட்டால் அந்த வாக்கியம் வராமலே போய்விடும்.

பிறகு அவர் சொன்னதை, அவர் பயன்படுத்திய சொற்களிலேயே, இரண்டு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள். கடைசியில் "சரியா?" என்று மட்டும் கேட்காதீர்கள், மரியாதைக்காக "ஆமா" என்று சொல்லிவிடுவார்கள். "எதை விட்டுட்டேன்?" என்று கேளுங்கள். ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று நாமே ஒப்புக்கொள்வதால் திருத்துவது அவருக்கு எளிதாகிறது. யோசனை சொல்லும் முன், "கேட்டுக்கிட்டிருந்தா போதுமா, இல்ல ஏதாவது சொல்லணுமா?" என்றும் கேட்டுவிடுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை இவை. "எனக்கும் அப்படித்தான்" என்ற சொல் பேச்சை நம் பக்கம் திருப்பிவிடும், பிறகு அது திரும்பிப் போகாது. இரண்டாவது நிமிடத்திலேயே ரோமர் 8:28-ஐ, அதாவது சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற வசனத்தைச் சொல்வது மூடி போடுவதற்குச் சமம். வசனம் சரி, நேரம் தப்பு. "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" (நீதி. 18:13). நீண்டநாள் பழக்கத்துக்கு வேறொரு ஆபத்து உண்டு. 2011-ல் வந்த ஓர் ஆய்வில், தம்பதிகள் தங்கள் துணைக்குத் தங்கள் பேச்சு நன்றாகப் புரிகிறது என்று அதிகமாக நம்பினார்கள். உண்மையில் அறிமுகமில்லாதவர்களைவிட நன்றாகப் புரியவில்லை. நெருங்கியவர் என்ற எண்ணமே, கவனமாகச் சொல்வதையும் கேட்பதையும் குறைத்துவிடுகிறது.

துன்பத்திலிருந்த யோபுவைத் தேற்ற வந்த நண்பர்களைத் தனியாகப் படிக்க வேண்டும். 7 நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (2:13). புத்தகம் முழுவதிலும் அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். 4-ஆம் அதிகாரத்தில் எலிப்பாஸ் வாயைத் திறந்ததும் எல்லாம் மாறுகிறது. அவன் உபதேசம் அவ்வளவும் தப்பு என்று நினைக்காதீர்கள். யோபு 5:13-ல் அவன் சொன்னதைப் பவுலே 1 கொரிந்தியர் 3:19-ல் எடுத்து எழுதியிருக்கிறார். ஆனாலும் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல் மூண்டது (42:7). துன்பத்தைப் பற்றிய கொள்கை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரில் இருந்த ஆளை அதற்குள் திணித்தார்கள்.

இராவிளக்கு எழுதியது:

இரண்டாம் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடி என்று நினைக்கிறேன். கிணற்றடி அவர்கள் சொன்ன எதையும் ஒருவர் பயிற்சியால் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் பேசும்போது கேட்பவர் மனதில் பாதி "நான் எப்படித் தெரிகிறேன், அடுத்து என்ன சொன்னால் ஞானமாக இருக்கும்" என்பதிலேயே ஓடிக்கொண்டிருக்கும். தன்னை மறைத்துக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்வரை முழுக் கவனமும் எதிரில் இருப்பவருக்குப் போகாது. தான் ஏற்கெனவே அறியப்பட்டாயிற்று, அறிந்தவர் தள்ளிவிடவும் இல்லை என்று நிச்சயமானவருக்கு அந்தக் காவல் வேலை இல்லை. தொடர்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு தொடர்பும் உண்டு. "என் நாவில் சொல் பிறவாததற்குமுன்னே, இதோ, கர்த்தாவே, அதையெல்லாம் நீர் அறிந்திருக்கிறீர்" (சங். 139:4). இது தேவனால் மட்டும் ஆகிற காரியம். "நான் சொல்லாமலே உனக்குத் தெரிய வேண்டாமா?" என்று கணவனோ மனைவியோ நண்பரோ கேட்கும்போது, இந்த நாலாம் வசனத்தை ஒரு மனிதரிடம் எதிர்பார்க்கிறார்கள். நம் மனநிலை வெளியே தெரிகிறது என்று நாம் நினைக்கும் அளவுக்கு அது தெரிவதில்லை என்று 1998-லேயே பரிசோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். சொல்லாமல் அறிகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நிம்மதியானால், மற்றவர்களிடம் வாய்விட்டுச் சொல்வது குறைவாகப் படாது.

சங்கீதம் 139-ஐ ஜெபிக்கும் முறை ஒன்று தருகிறேன். 24 வசனங்கள், ஆறு ஆறாக நான்கு பகுதி. மொத்தம் 20 நிமிடம் போதும்.

1–6: அவர் அறிந்திருப்பது. வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். உட்காருதல், எழுந்திருக்குதல், நடை, படுக்கை என்று அன்றாடக் காரியங்களில் தொடங்குகிறது. அன்றைய நாளில் அதேபோல நான்கு சாதாரணக் காரியங்களை அவர் முன் பெயர் சொல்லி வையுங்கள்.

7–12: ஓடிப்போக நினைப்பது. "உம்முடைய ஆவிக்கு மறைவாக எங்கே போவேன்" என்பதை வெறும் துதியாக மட்டும் வாசித்துவிட்டுப் போகாதீர்கள். அறியப்படுவது பயமாகவும் இருக்கும், முதலில் ஓடத்தான் தோன்றும். எதை மறைக்கத் தோன்றுகிறது என்று இங்கே நின்று பார்க்க வேண்டும். நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

13–18: உருவாக்கினவரே அறிகிறவர். வேவு பார்க்கிறவர் அறிவதும் பெற்றவர் அறிவதும் ஒன்றல்ல. பயம் இங்கேதான் தணிகிறது.

19–24: பலர் 19–22-ஐத் தாண்டிவிடுகிறார்கள், பகைஞரைப் பற்றிய கடுமையான சொற்கள் என்பதால். தாண்டாதீர்கள். தன் கோபத்தை அப்படியே கொட்டிய பிறகுதான் தாவீது "தேவனே, என்னை ஆராய்ந்து" என்று கேட்கிறார். முதல் வசனத்தில் "நீர் என்னை ஆராய்ந்து" என்பது நடந்துவிட்ட உண்மை. 23-ல் அதே வினைச்சொல் விண்ணப்பமாகத் திரும்பி வருகிறது. தேவனுக்குப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. மறைந்திருந்தவன் வெளியே வந்து நிற்கிறான், அதுதான் மாற்றம்.

தினமும் செய்ய, இயேசு சபையை நிறுவிய லயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த ஐந்து படிகள் நல்லவை: நன்றி சொல்வது, என் தவறுகளை அறிந்துகொள்ளக் கிருபை கேட்பது, அன்றைய நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்தத் தீர்மானிப்பது. பொதுவாக நேரும் தவறு, இரண்டாம் படியை விட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போய்விடுவது. அப்போது நாமே நம்மை விசாரிக்கிற நீதிபதி ஆகிவிடுகிறோம். ஒன்று எல்லாவற்றுக்கும் சாக்கு கிடைக்கும், அல்லது எல்லாமே குற்றமாகத் தெரியும். "என்னிடத்தில் நான் யாதொரு குற்றத்தையும் அறியேன், ஆகிலும் அதினாலே நான் நீதிமானாகிறதில்லை" (1 கொரி. 4:4) என்று எழுதிய பவுல், தன்னைப் பற்றிய தன் தீர்ப்பைக்கூட முடிவாக வைத்துக்கொள்ளவில்லை.

மேய்ப்பன்கோல் எழுதியது:

நல்ல பதில்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை சொல்லாமல் விட முடியாது. தேவனுக்கு முன் எல்லாம் வெளியரங்கமானது என்பதால், குழுவுக்கு முன்னும் எல்லாம் வெளியரங்கமாக வேண்டும் என்று ஆகாது. இந்தத் தாவலால் புண்பட்டவர்கள் பலர். யோவான் 2:24-25-ஐ வாசியுங்கள். இயேசு மனுஷருள்ளத்திலிருப்பதை அறிந்திருந்தபடியால் அவர்களை நம்பித் தம்மை ஒப்புக்கொடுக்கவில்லை. யாரிடம், எவ்வளவு என்பதில் அவரே அளவு வைத்திருந்தார்.

யாக்கோபு 5:16 "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்கிறது. அதே வாக்கியத்தில் நோக்கமும் இருக்கிறது: சொஸ்தமடையும்படிக்கு. கேட்கிறவர் ஜெபிக்கிறவராக இருக்க வேண்டும். 8 பேர் கூட்டத்தில் இதைச் செய்ய வேண்டாம். ஒருவர் அல்லது இருவர் போதும், ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும்.

கேட்டது எங்கே கசியும் என்றால், பெரும்பாலும் ஜெபக்குறிப்பு வழியாகத்தான். "சகோதரிக்காகக் கொஞ்சம் பாரமாய் ஜெபியுங்கள், விஷயம் என்னவென்றால்…" என்று தொடங்கினால் அது புறங்கூறல். சொன்னவரிடம் "இதை யாரிடம் சொல்லலாம்?" என்று கேட்டு, அவர் பெயர் சொன்ன ஆட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தன இரகசியத்தை 983-ஆம் திருச்சபைச் சட்டமே காக்கிறது, குருவானவர் எக்காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. சாதாரணக் குழுவுக்கு அப்படிப்பட்ட காவல் கிடையாது. அதனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கக்கூடாது. குழந்தைக்கு ஆபத்து, தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், வீட்டில் அடி உதை என்று வந்தால் உரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆறு வாரத்தின் முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

மேலும், ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டுக்கொண்டே இருப்பது நல்லதல்ல. ஒருவரைப் பற்றி எல்லாம் தெரிந்து, அவருக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால் அது அதிகாரம் ஆகிவிடும். ஊழியக்காரர்கள் இதை விசேஷமாய்க் கவனிக்க வேண்டும். 1997-ல் ஆர்தர் ஏரன் குழுவினர் வெளியிட்ட முறையில் 36 கேள்விகள், 12 வீதம் மூன்று தொகுதி, 45 நிமிடம். இருவரும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், கேள்விகள் படிப்படியாக ஆழமாகும். நெருக்கம் வளர்ந்தது முறை மாறி முறை பேசியதாலும் படிப்படியாக இறங்கியதாலும்தான். ஆனால் 45 நிமிடத்தில் வருவது நெருக்க உணர்வு. நம்பிக்கை வேறு, அதற்கு மாதங்கள் ஆகும்.

சிற்றோடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. துணைக்கேள்வி ஒன்று. மூவர் குழுவிலும் வாரக்கணக்காக "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றே சொல்கிறவரை என்ன செய்வது?

கிணற்றடி எழுதியது:

வற்புறுத்த வேண்டாம். 1 இராஜாக்கள் 19-ஐப் பாருங்கள். எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது முதலில் கேள்வி வரவில்லை. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வந்தது. அதே கேள்வி இரண்டு முறை (9, 13), அதே பதில் இரண்டு முறை (10, 14). அவர் சலித்துக்கொள்ளவில்லை.

உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுவது சிலருக்கு ஆகாது. சேர்ந்து நடக்கும்போதோ, பாத்திரம் கழுவும்போதோ, நாற்காலி அடுக்கும்போதோ கேளுங்கள். உள்ளத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள்: "நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சதும் என்ன செஞ்சீங்க?" சொன்னதை நினைவில் வைத்து, அடுத்த வாரம் அதிலிருந்து ஒன்றை மட்டும் கேளுங்கள். முதலில் உங்களைப் பற்றி, சிறியதாக, உண்மையான ஒன்றைச் சொல்லலாம். அவருக்குப் பாரமாகும்படி பெரியதாக வேண்டாம். "நல்லாத்தான் இருக்கு" என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு, அடுத்த வாரமும் அவருக்கான 13 நிமிடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள்.